பிரிசில்லாவின் எட்டு கிலோமீட்டர்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே பதினேழு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள் பிரிசில்லா. மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது இதைச் சொல்லிவிடுவாள். ஊரார் நுரையீரலையெல்லாம் இப்படி வேலை வாங்கியவளுக்கு, மாடிப்படி ஏறினாலே தன் மூச்சு பாதியில் நின்றுவிடுகிறது என்பது நாற்பதாவது வயதில்தான் உறைத்தது. அதே கட்டடத்து லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். சர்க்கரை முன்னூற்றுப் பத்து. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு நடக்கச் சொன்னார். எல்லா டாக்டரும் எல்லோருக்கும் சொல்வதுதான். பிரிசில்லா உண்மையிலேயே நடந்தாள், அதுதான் வித்தியாசம்.

நடந்தவள் ஆறு மாதத்தில் ஓட ஆரம்பித்தாள். பெரிய லட்சியமெல்லாம் ஒன்றும் கிடையாது. நடப்பதற்கு அவளுக்குப் பொறுமை போதவில்லை.

அவள் ஊர் புளியந்தாங்கல், செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி, நடுவில் கழனி. பிரிசில்லா காலனிக்காரி. அவள் அம்மா மார்கரெட் ஊர்க்காரர்களின் கழனியில் நாற்று நட்டும் களை பறித்தும் அவளைப் படிக்க வைத்தவர். புருஷன் ஸ்டான்லி, கேட்டுக்கும் கிரில்லுக்கும் பெயின்ட் அடிக்கிறவன். இன்றைக்குக் காலனியிலிருந்து கழனி வேலைக்குப் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனாலேயே ஊரும் காலனியும் பேசிக்கொள்வதற்கு இருந்த ஒரே காரணமும் குறைந்து போய்விட்டது. ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், காலனிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். இதுதான் இப்போதைய நிலவரம்.

காலனியிலிருந்து ஓடுவதென்றால் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடுதான். பிரிசில்லாவைப் பார்த்துப் பக்கத்து வீட்டு விஜயகுமாரியும் இன்னும் நாலைந்து பெண்களும் காலையில் அங்கே நடக்கக் கிளம்பினார்கள். மூன்றாவது வாரம், ராங் சைடில் வந்த ஒரு பைக் விஜயகுமாரியை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. முழங்கையில் பிளேட் வைத்தார்கள். அந்தக் கையை எக்ஸ்ரே எடுத்தவள் பிரிசில்லா. உடைந்த எலும்பைத் திரையில் பார்த்தபோது தானே அவளைத் தள்ளிவிட்டதுபோல் இருந்தது. ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்?

அதற்குப் பிறகு ஒருத்தியும் வரவில்லை. மெயின் ரோட்டில் கால் வைக்காமல் ஓட ஒரு தடம் கண்டுபிடித்து, அத்தனை பேரையும் திரும்பக் கூட்டி வராமல் விடுவதில்லை என்று பிரிசில்லா அன்றைக்கு முடிவு செய்தாள்.

தடம் தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கிளம்பிவிடுவாள். கையில் செல்போன், பையில் எக்ஸ்ரே போட்டுக் கொடுக்கும் பெரிய காகித உறை ஒன்று. உறையின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போவாள். ஒரு பாதை முள்வேலியில் முடிந்தது. ஒன்று கோழிப்பண்ணையில் முடிந்தது, அங்கே ஏழு நாய்கள். ஒன்று மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் ரயில்வே சப்வே. எட்டு மாதத்தில் இருபத்திரண்டு உறைகள் வீணாயின. "பேஷண்டுங்க கவரையெல்லாம் காலி பண்றியே, முதலாளி கேக்கமாட்டாரா?" என்று ஸ்டான்லி கேலி செய்வான். எல்லாம் முகவரி தப்பாக அச்சாகிக் குப்பைக்குப் போன உறைகள்.

இருபத்து மூன்றாவது உறையில் தடம் கிடைத்தது. சர்ச் வாசலில் ஆரம்பித்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய், சவுக்குத் தோப்பைச் சுற்றி, ஏரிக்கரை மேலேறி, மதகு வரை போய், கழனி வழியாகக் காலனிக்கே திரும்பும். சரியாக எட்டு கிலோமீட்டர். செல்போனில் இரண்டு முறை அளந்து பார்த்தாள். ஒரே ஒரு சிக்கல்தான். மதகிலிருந்து காலனிக்கு வர கோதண்டராமனின் வரப்பு மேல் நானூறு மீட்டர் போக வேண்டும். அதை விட்டால் நெடுஞ்சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும். வரப்பு இல்லையென்றால் தடமே இல்லை.

கோதண்டராமன் ஊர்க்காரர். அறுபத்தெட்டு வயது, ஒன்றே கால் ஏக்கர் கழனி, அளவுக்கு மிஞ்சிய முன்கோபம். மார்கரெட் அவரை "ஆண்டே" என்று கூப்பிட்டவர். அந்த வார்த்தை பிரிசில்லாவின் வாயில் வராது. "சார்" என்பாள். அவர் எந்த ஆபீசிலும் சார் இல்லை, ஆனாலும் ஏதோ ஒன்று சொல்லிக் கூப்பிட்டாக வேண்டுமே.

"சார், காலையில வாரத்துக்கு ரெண்டு நாள் உங்க வரப்பு மேல ஓடிக்கட்டுமா?"

"ஓடறியா? இன்னாத்த புடிக்க?"

"எதையும் புடிக்க இல்ல சார். சுகருக்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போ, போ. பயிர மெறிக்காம போ" என்றார்.

அதற்குள் காலனியில் பதினோரு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். விஜயகுமாரி பிளேட் வைத்த கையோடு முதல் ஆளாகக் கொடுத்திருந்தாள். இந்தப் பதினோரு பேரைப் பற்றி பிரிசில்லா கோதண்டராமனிடம் மூச்சு விடவில்லை. ஒருத்தி போவதற்கே ஏற இறங்கப் பார்த்தவர் பன்னிரண்டு பேருக்கு என்ன சொல்வாரோ என்ற பயம்தான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள். அங்கேதான் பிசகு ஆரம்பித்தது.

முதல் ஓட்டத்துக்குப் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தாயிற்று. புதிதாக வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும், எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரிய வேண்டும். அரை கிலோமீட்டருக்கு ஒரு கல், அதில் ஓர் எண், ஓர் அம்புக்குறி. ஸ்டான்லிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "வூட்ல ஒரு டப்பா ரெட் ஆக்சைடு சும்மாத்தான் கீது" என்றான். கேட்டுக்கு முதல் கோட்டாக அடிக்கும் செம்மண் நிறப் பெயின்ட் அது. கையால் எழுதினால் அசிங்கமாக இருக்கும் என்று, பழைய எக்ஸ்ரே பிலிமில் எண்களை வெட்டி ஸ்டென்சில் தயார் செய்தான். யாருடைய விலா எலும்பிலோ 4.5, 5, 5.5 என்று ஓட்டை விழுந்தது. முந்தின வாரம் சனிக்கிழமை மதியம் இருவரும் போய்ப் பதினாறு இடத்தில் அடித்துவிட்டு வந்தார்கள். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. கோணல்மாணலாக எழுதியிருந்தால் ஒரு பயலும் பயந்திருக்க மாட்டான்.

செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே அறைக்கு ஒரு வயதான அம்மாள் முட்டி வலியோடு வந்தார். கோதண்டராமனின் மனைவி. பெயர் வேண்டா. வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், இனிப் பெண் வேண்டாம் என்று வைத்துவிடுகிற பெயர்தான். காலை நேராக்கிப் படுக்க வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் பிரிசில்லா, "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா" என்றாள்.

"முட்டிக்கு எதுக்கும்மா மூச்சு?"

பிரிசில்லா சிரித்துவிட்டாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"முட்டியா இப்ப பெருசு? எங்க நெலம் போவப்போவுதும்மா. மூணு வருசம் முன்னாடி பைபாஸுக்கு எடுத்தானுங்களே, அப்பவும் இப்டித்தான். மொதல்ல செவப்பு பெயிண்ட்ல நெம்பரு போட்டானுங்க. அப்பால நோட்டீஸு வந்திச்சு. இப்ப வரப்பாண்ட ரெண்டு கல்லுலயும் போட்டு வச்சிக்கிறானுங்க. ஏரிக்கரையில கூட கீதாம். அவுரு மூணு நாளா சோறு துன்னல."

"வி.ஏ.ஓ. கிட்ட கேட்டீங்களா?"

"அவருக்கு ஒண்ணும் தெரிலயாம். அவருக்கே தெரியாம நடக்குதுன்னா எவ்ளோ பெரிய எடத்து வேலையா இருக்கும்? அதான், கவர்மெண்டு கைக்குப் போறதுக்கு முன்ன வந்த வெலைக்குத் தள்ளிடலாம்னு ப்ளாட்டு புரோக்கருகிட்ட சொல்லிட்டாரு. நாளிக்கு சாயந்தரம் வந்து எழுதிகினு போறான்."

பிரிசில்லாவின் கை சுவிட்சில் அப்படியே நின்றது. அந்தச் சிவப்பு எண்களை மூன்று வருடத்துக்கு முன்பு அவளும்தான் பார்த்திருக்கிறாள், பனைமரத்திலும் பாலத்திலும். பார்த்துவிட்டுப் பஸ் ஏறி வேலைக்குப் போயிருக்கிறாள். அவளுக்கு அதில் போக நிலம் எதுவும் இல்லை. அதனால் அது மனதில் தங்கவில்லை.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படத்தை எடுத்து, உறையில் போட்டுக் கொடுத்து, டாக்டர் அறையைக் கைகாட்டி அனுப்பிவிட்டாள். அன்று முழுக்க தன்மேல் அவளுக்கு இருந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்கு வந்து ஸ்டான்லியிடம் சொன்னாள். "கம்முனு இரு. விடிகாலைல போயி தின்னர் போட்டு ஒட்டுமொத்தமா தொடச்சிடறேன்" என்றான்.

"தொடச்சா? ஆதாரத்த அழிக்கறானுங்கன்னு இன்னும் பயப்படுவாங்க. அவரு நாளைக்கே எழுதிக் குடுத்துடுவாரு."

"சொன்னா வரப்பு போயிடும், பிரிசில்லா. பதினோரு பேருக்கு இன்னா பதில் சொல்லுவ? அப்பால காலனிக்காரன் ஊர பேஜார் பண்ணிட்டான்னு வேற பேசுவானுங்க."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. எட்டு மாத உழைப்பும், விஜயகுமாரிக்குக் கொடுத்த வாக்கும் அந்த நானூறு மீட்டரில்தான் நின்றன. வாயைத் திறந்தால் அதோடு முடிந்தது. திறக்காவிட்டால் ஒரு மனிதர் அவள் அடித்த பெயின்ட்டைப் பார்த்துப் பயந்து நிலத்தை விற்றுவிடுவார். இதில் யோசிக்க அதிகம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விடிய விடியத் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை லீவு போட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு, ஸ்டென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குள் போனாள். கோதண்டராமன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவர், டூரிஸ்ட் வேன் ஓட்டும் அவர் மகன் குமார், புரோக்கர் ரமேஷ், இன்னும் ஏழெட்டு ஊர்க்காரர்கள். ரமேஷ் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"சார், அந்த சிவப்பு நெம்பர் நான் எழுதினது" என்றாள்.

குமார் எழுந்து வந்தான். "யாரு சொல்லி எழுதின? எந்த ஆபீஸு?"

"எந்த ஆபீஸும் இல்ல. ஓடறதுக்கு. எத்தனை கிலோமீட்டர் ஆச்சுன்னு தெரியறதுக்கு."

ரமேஷ் சத்தம் போட்டுச் சிரித்தான். "ஓடறதுக்கு எவனாவது கல்லுல நெம்பரு போடுவானா?"

அவள் பையிலிருந்து ஸ்டென்சிலை எடுத்துக் காட்டினாள். அதைக் காட்டாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாத்தீங்களா நைனா? பக்காவா ஸ்டென்சிலு. சர்வே பார்ட்டிகிட்ட கூலிக்கு அடிச்சிருக்கு. இப்ப ஊரு கொதிக்கவும் கத சொல்லுது" என்றான் ரமேஷ். அங்கிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். சர்வே என்றால் அவர்களுக்குப் புரியும். நாற்பத்து மூன்று வயதுப் பெண்பிள்ளை, வேலை மெனக்கெட்டு எட்டு கிலோமீட்டர் ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பாள் என்றால் எப்படி நம்புவது?

பிரிசில்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல ஒரு ராத்திரி முழுக்கத் தன்னோடு சண்டை போட்டு வந்தவளை, பொய் சொல்கிறாள் என்றால் வராதா?

"அப்போ வாங்க. ஓடிக் காட்றேன். எந்தக் கல்லுல இன்னா நெம்பரு, அம்பு எந்தப் பக்கம்னு போறதுக்கு முன்னாடியே சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் நான் சர்வேக்காரிதான்."

துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போட்டாள். காலில் எப்போதும் அந்த ஷூதான். அவள் ஓட, பின்னால் நாலு பைக், அதற்குப் பின்னால் மொபெட்டில் கோதண்டராமன். ஊரில் வாசலில் நின்றவர்கள் யாரோ யாரையோ துரத்துகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"அடுத்தது சவுக்குத் தோப்பு மூலையில, 3.5. அம்பு பீச்சாங்கைப் பக்கம்." இருந்தது. "ஏரிக்கரை ஏறினதும் வேப்பமரத்தாண்ட 4." இருந்தது. குமார் பைக்கின் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தான். நாலரைக்குப் பிறகு அவன் முகத்திலிருந்த கடுகடுப்பு போய், கணக்குப் பரீட்சை திருத்துகிறவன் முகம் வந்துவிட்டது. "கரெக்டா கீதுப்பா" என்று பின்னால் திரும்பிக் கத்தினான். மதகு வந்தது. "இங்க 5. அப்பால வரப்பு, வரப்பு முடிஞ்சு பம்பு செட்டாண்ட 5.5."

வரப்பில் வண்டி போகாது. பைக்குகள் நின்றுவிட்டன. கோதண்டராமன் மொபெட்டைச் சாய்த்து நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அவள் பின்னால் நடந்தார். அவள் தூரமாகிக்கொண்டே போனாள். கொஞ்சம் வேகமாக நடந்து பார்த்தார், போதவில்லை. கடைசியில் ஓடினார். இரண்டு பக்கமும் நவரைப் பட்டத்து நெல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அறுபத்தெட்டு வயதில், தன் வரப்பில், தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக எதையும் துரத்தாமல் அவர் ஓடினார்.

பம்பு செட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. "மூச்சை இழுங்க சார். பிடிக்காதீங்க, மெதுவா விடுங்க" என்றாள். விட்டார். கல்லைப் பார்த்தார். 5.5.

"தெரிஞ்ச ஊரு, தெரிஞ்ச கழனி. இத நெம்பரு போட்டுத்தான் ஓடணுமா?"

"எவ்ளோ வந்துட்டோம்னு தெரிஞ்சாதான் சார் பாதியில திரும்ப மாட்டாங்க."

"மாட்டாங்கன்னா? நீ மட்டும் இல்லியா?"

இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? "பதினோரு பேர் வராங்க சார். உங்ககிட்ட சொல்லாம விட்டது தப்புதான். இந்தப் பெயின்ட்டும் தப்புதான். உங்களை மூணு நாள் சோறு துன்ன விடாம பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு, "அழிச்சிடு. இந்தச் செவப்பு ஒண்ணு கூட என் கண்ணுல படக்கூடாது" என்றார். வரப்பைப் பற்றி அவர் சொல்லவில்லை. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவர் வீட்டுக்குத் திரும்பிப் போனபோது ரமேஷை ஃபைலோடு திருப்பி அனுப்பிவிட்டிருந்தான் குமார்.

வியாழனும் வெள்ளியும் விடியற்காலையில் பிரிசில்லாவும் ஸ்டான்லியும் தின்னரும் துணியுமாகப் போய்ப் பதினாலு கல்லைத் துடைத்தார்கள். வரப்பின் இரண்டு முனைக் கல்லை மட்டும் கடைசிக்கு வைத்தாள். அங்கே கால் வைக்க வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை காலை தனியாகப் போனாள். மதகடிக் கல்லில் சிவப்பு இல்லை. யாரோ அரத்தால் தேய்த்து எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் நீலத்தில் ஓர் 5. தலை பெருத்து, வால் கோணி, ஈரம் காயாமல் இருந்தது. பக்கத்தில் ஓர் அம்பு. பம்பு செட்டுக் கல்லிலும் அதே கையெழுத்தில் 5.5. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடிக்கிற நீலம் அது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பெண்கள் சர்ச் வாசலிலிருந்து கிளம்பினார்கள். பாதி ஓட்டம், பாதி நடை, நிறையப் பேச்சு. சிவப்பு எண்கள் இல்லாததால், "இன்னும் எவ்ளோக்கா?" என்று விஜயகுமாரி முப்பது தடவை கேட்டுவிட்டாள். மதகை நெருங்கியதும் பேச்சு நின்றது. வரப்பின் முனையில் கோதண்டராமன் மண்வெட்டியோடு நின்றிருந்தார். பக்கத்தில் வேண்டா. பெண்களில் சிலர் அப்படியே பின்வாங்கினார்கள். அந்த வரப்பில் அவர்கள் அம்மாக்கள் களைக்கொட்டோடு மட்டுமே நடந்திருக்கிறார்கள்.

"செவப்புதான் வேணாம்னேன்" என்றார் கோதண்டராமன், யாரையும் பார்க்காமல். "நீலம்னா எவனும் பயப்படமாட்டான். ஆனா கொம்பு பெயிண்டு மழைக்கு நிக்காது. வருசா வருசம் பொங்கலுக்கு மாட்டுக்கு அடிக்கிறப்ப வந்து, எல்லாக் கல்லுக்கும் சேத்து எடுத்துகினு போ."

"சரிங்க சார்" என்றாள் பிரிசில்லா.

வேண்டா மகனுடைய பழைய கேன்வாஸ் ஷூவைப் போட்டிருந்தார். அது இரண்டு விரல் பெரிதாக இருந்தது. "டாக்டரு என்னையும் நடக்கச் சொன்னாரும்மா. அடுத்த நெம்பரு வரைக்கும் வரேன். மூச்சு புடிக்கணுமா?"

"வேணாம்மா, வுட்டுடுங்க" என்றாள் பிரிசில்லா. கோதண்டராமன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பதிமூன்று பேர் போக வழிவிட்டு வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நின்றார்.